மருத்துவமனைக்குப் பிறகு தொடங்கும் செலவு

பெற்றோரின் அறுவைசிகிச்சைக்கு எப்படியாவது பணம் புரட்டிவிடும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நகையை அடகு வைப்பார்கள், பி.எஃப். பணத்தில் கை வைப்பார்கள், காப்பீட்டு அட்டையைத் தேடி எடுப்பார்கள். ஆனால் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை அடுத்த ஐந்து, பத்து ஆண்டுகளுக்கு யார் பார்த்துக்கொள்வது, அதற்கான மாதச் செலவை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்விக்குப் பெரும்பாலான வீடுகளில் பதில் இல்லை. அரசுத் திட்டங்களும் அந்த இடத்துக்கு வந்ததும் கைவிட்டுவிடுகின்றன.

இனியும் தள்ளிப்போடக்கூடிய கேள்வி இல்லை இது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4%. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2021-இல் வெளியிட்ட முதியோர் குறித்த அறிக்கை இதை 13.6% என்று மதிப்பிட்டது. கேரளத்துக்கு (16.5%) அடுத்து நாட்டிலேயே முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் நம்முடையதுதான்.

மறுபக்கம், பார்த்துக்கொள்ளும் கைகள் குறைகின்றன. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 குழந்தைகள். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த ஒருவர் இன்னொரு ஒற்றைப் பிள்ளையை மணக்கும்போது, அந்த இருவர் தலையில் நான்கு முதியவர்களின் பொறுப்பு வருகிறது. வேலை பெங்களூரிலோ துபாயிலோ இருந்தால் அந்தப் பொறுப்பைத் தொலைபேசியில்தான் சுமக்க முடியும்.

சிகிச்சை வேறு, பராமரிப்பு வேறு

78 வயதுத் தாய் ஒருவர் இரவில் குளியலறையில் வழுக்கி விழுகிறார். இடுப்பெலும்பு முறிகிறது. அறுவைசிகிச்சை நல்லபடியாக முடிகிறது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளின் பட்டியலும் அடுத்து வர வேண்டிய தேதியும் இருக்கின்றன.

வீட்டில் நடக்கப்போவது எதுவும் அந்தச் சீட்டில் இல்லை. கழிவறை அந்தக் காலத்து இந்தியன் வகை என்பதால் கமோட் நாற்காலி வாங்க வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க ஏர் பெட் வேண்டும், அதோடு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். அவரைத் தூக்கி உட்கார வைக்க இரண்டு பேர் தேவை. நள்ளிரவில் சிறுநீர் கழிக்க அழைத்தால் யாராவது எழுந்திருக்க வேண்டும். மருமகளோ மகளோ பத்து நாள் விடுப்பு எடுக்கிறார். பத்து நாள் ஒரு மாதமாகிறது. பிறகு வேலையையே விடுகிறார்.

அறுவைசிகிச்சைக்குக் காப்பீடு கைகொடுக்கும். ஆண்டு வருமானம் 1.2 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. 70 வயதைக் கடந்த எல்லோருக்கும் வருமான வரம்பில்லாமல் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்ற ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கத்தை ஒன்றிய அரசு 2024 அக்டோபரில் தொடங்கியது. இவை அனைத்தும் மருத்துவமனைப் படுக்கைக்கானவை. வீட்டுப் படுக்கைக்கு இவற்றில் ஒரு ரூபாயும் வராது. சொந்தப் பணத்தில் பிரீமியம் கட்டும் மெடிக்ளெய்ம் பாலிசிகளிலும் டயபர், தனிச் செவிலியர் கட்டணம், ஊன்றுகோல் போன்றவை பொதுவாகக் கொடுக்கப்படாதவற்றின் பட்டியலில்தான் இருக்கின்றன.

மருத்துவச் செலவு ஒருமுறை பெரிதாக வந்து போய்விடும். பராமரிப்புச் செலவு சிறிதாகத் தொடங்கி மாதாமாதம் வந்து, எப்போது முடியும் என்று தெரியாமல் நீளும். முதலாவதற்கு மட்டும் தயாராகிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுவதால்தான் ஓரளவு வசதியான குடும்பங்களும் இரண்டு மூன்று ஆண்டுகளில் ஆட்டம் காண்கின்றன.

ஒரு மாதக் கணக்கு

சென்னை போன்ற நகரத்தில் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு ஏஜென்சி வழியாக மாதம் 20,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. 25,000 என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயபர் 40 ரூபாய், நாளைக்கு மூன்று என்றால் மாதம் 3,600. மருந்துக்கு 4,000, பிசியோதெரபிக்கு 3,000 என்று குறைத்துக் கணக்கிட்டாலும் மொத்தம் 35,600 ரூபாய். இதில் சாப்பாடு இல்லை, வீட்டு வாடகை இல்லை, ஆம்புலன்ஸ் இல்லை.

வரவைப் பார்ப்போம். வாழ்நாள் சேமிப்பான 30 லட்சம் ரூபாயை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2% வட்டியில் மாதத்துக்கு 20,500 ரூபாய் என்ற கணக்கில் கிடைக்கும். ஆக, 30 லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருப்பவருக்கே மாதம் 15,100 ரூபாய் துண்டு விழுகிறது.

தனியார் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்றவரின் நிலை இன்னும் மோசம். இ.பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1,000 ரூபாய் என்று வரையறுக்கப்பட்டது. வட்டாட்சியர் அலுவலகம் ஏறி இறங்கி வாங்கும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மேலே சொன்ன டயபர் கணக்குக்கு அது பத்து நாள் வரும். அதிலும் தேசிய முதியோர் ஓய்வூதியத்தின் கீழ் 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு வெறும் 200 ரூபாய். பல ஆண்டுகளாக அந்தத் தொகை மாறவில்லை.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

முதல் வழி, வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது. பெரும்பாலான முதியவர்கள் விரும்புவதும் இதைத்தான். இதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் உதவிகளைத் தெரிந்துகொண்டால் சுமை குறையும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபியும், நாள்பட்ட நோயாளிகளுக்கான வலித்தணிப்புச் சிகிச்சையும் இதன் கீழ் உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, வாக்கர் போன்றவற்றை வருமானம் குறைந்த முதியோருக்கு இலவசமாகத் தர ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டம் 2017 முதல் இருக்கிறது.

இரண்டாவது வழி, பகல்நேரப் பராமரிப்பு மையங்கள். காலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு மாலையில் அழைத்துவரலாம். தமிழக அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 'அன்புச்சோலை' என்ற பெயரில் 25 மையங்களை அறிவித்தது. நடமாடக்கூடிய, ஆனால் தனியே விட முடியாத முதியவருக்கு இது மிகப் பொருத்தம். வீட்டில் இருப்பவர் வேலையை விடாமல் காப்பாற்றுவது இந்த ஏற்பாடுதான். மாநிலத்தின் தேவைக்கு 25 என்ற எண்ணிக்கை போதவே போதாது.

மூன்றாவது, முதியோர் இல்லங்கள். அறக்கட்டளைகள் நடத்தும் இலவச இல்லங்கள், மாதக் கட்டணம் வாங்கும் இல்லங்கள் என இருவகை. ஆதரவற்ற முதியோருக்காக மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 பேர் தங்கும் அளவில் மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்று 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

நான்காவது, கோவையைச் சுற்றிப் பெருகிவரும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள். வீட்டை விலைக்கோ நீண்டகாலக் குத்தகைக்கோ எடுத்து, சாப்பாடு, துப்புரவு, காவல் ஆகியவற்றுக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். கைகால் நன்றாக இருக்கும்வரை இவை வசதியானவை. படுத்த படுக்கையாகிவிட்டாலோ மறதி நோய் முற்றிவிட்டாலோ பல இடங்களில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், அல்லது தனிக் கட்டணம் கேட்பார்கள்.

ஆகவே எந்த இல்லத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது, "படுக்கையில் விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?" என்பதுதான். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை பணியாளர்கள் இருக்கிறார்கள்? முன்பணத்தில் எவ்வளவு, எப்போது திரும்பி வரும்? கட்டணம் ஆண்டுக்கு எவ்வளவு ஏறும்? அவசரத்துக்கு எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்? பதில்களை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். தட்டில் என்ன இருக்கிறது, ஊட்டிவிட ஆள் இருக்கிறாரா, அறையில் சிறுநீர் வாடை அடிக்கிறதா என்பவை விளம்பரக் கையேடு சொல்லாத உண்மையைச் சொல்லிவிடும்.

பணத்துக்கு எங்கே போவது?

முதியவரின் சேமிப்பில் முதல் கடமை பாதுகாப்பு, இரண்டாவது மாத வரவு. அதிக வட்டி ஆசை காட்டும் சீட்டு, நிதி நிறுவனங்கள் பக்கம் இந்தப் பணம் போகவே கூடாது.

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். கணவன், மனைவி இருவரும் 60 வயதைக் கடந்திருந்தால் தனித்தனியே போடலாம். வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும். கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள வட்டி விகிதம் ஐந்து ஆண்டுகளுக்கு மாறாது. அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் ஒருவர் பெயரில் 9 லட்சம், கூட்டாக 15 லட்சம் ரூபாய் வரை போட்டு மாதாமாதம் வட்டி வாங்கலாம்.

மருத்துவக் காப்பீடு இல்லாதவர்களுக்கு இப்போது சில கதவுகள் திறந்திருக்கின்றன. 65 வயதுக்கு மேல் புதிய பாலிசி கிடையாது என்ற தடை 2024 ஏப்ரலில் நீங்கியது. முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளாகக் குறைந்தது. முதியோரின் பிரீமியத்தை ஒரே ஆண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. தனிநபர் பாலிசிகளுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. மருத்துவமனைச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டால் சேமிப்பைப் பராமரிப்புக்கென்று விட்டுவைக்கலாம்.

கையில் ரொக்கம் இல்லை, சொந்த வீடு மட்டும் இருக்கிறது என்பவர்களுக்கு 'ரிவர்ஸ் மார்ட்கேஜ்' என்ற கடன் உண்டு. 60 வயதைக் கடந்தவர் தான் குடியிருக்கும் சொந்த வீட்டை வங்கியில் வைத்து மாதாமாதம் பணம் வாங்கலாம். உயிரோடு அந்த வீட்டில் இருக்கும்வரை திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. காலத்துக்குப் பிறகு வாரிசுகள் கடனை அடைத்து வீட்டை மீட்கலாம். இல்லையென்றால் வங்கி விற்று, கடன் போக மீதியை அவர்களிடம் தரும். 2007-இல் அறிமுகமான இந்த ஏற்பாட்டை நாடுவோர் மிகக் குறைவு. பிள்ளைகளுக்கு வீட்டை விட்டுப்போக வேண்டும் என்ற எண்ணமே காரணம். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் மருந்துக்குப் பிள்ளையிடம் கையேந்தத் தயங்கி மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்கும் தந்தை, அந்த வீட்டின் மதிப்பைத் தனக்காகச் செலவிடுவதில் எந்தத் தவறும் இல்லை.

வீட்டை எழுதிக் கொடுக்கும் முன்

உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். பதிவு முடிந்த கணத்தில் சொத்து கைமாறிவிடுகிறது. உயில் அப்படியில்லை. எழுதியவரின் காலத்துக்குப் பிறகே அது நடைமுறைக்கு வரும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். எனவே உயில்தான் பாதுகாப்பு.

செட்டில்மென்ட்தான் எழுத வேண்டும் என்றால், கடைசிவரை என்னைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், வீட்டை ஆயுள் முழுவதும் அனுபவிக்கும் உரிமையும் பத்திரத்தில் இடம்பெற வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு வழிசெய்கிறது. அப்படியொரு நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் சொன்னது. அன்பின் பேரில் எழுதிக் கொடுத்ததிலேயே பராமரிப்பு என்ற நிபந்தனை அடங்கியிருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்புகள் வழக்குக்கு வழக்கு மாறலாம். பத்திரத்தில் தெளிவாக எழுதப்பட்ட ஒரு வரி இருந்தால் நீதிமன்றப் படிகளில் ஏறும் நிலையே வராமல் போகலாம்.

கைவிடப்பட்ட பெற்றோர் ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. மகன்கள், மகள்கள், வயதுவந்த பேரப் பிள்ளைகள் எல்லோருமே பொறுப்பாளிகள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை தர உத்தரவிடலாம். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 90 நாட்களுக்குள் மனு முடிய வேண்டும், தேவைப்பட்டால் 30 நாள் நீட்டிக்கலாம். என்ன செய்வதென்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

மறதி நோய்க்குத் தனி முன்னேற்பாடு வேண்டும். தந்தையின் பெயரில் மட்டும் வங்கிக் கணக்கு இருந்து, அவருக்கு நினைவு தப்பிவிட்டால் அவர் பணத்தை அவருக்காகவே எடுப்பதும் சிக்கலாகிவிடும். பவர் எழுதிக் கொடுத்தவரின் மனநிலை பாதிக்கப்பட்டால் பொதுவாக அந்தப் பவர் செல்லாது. பாதுகாவலராக நியமிக்கக் கோரி நீதிமன்றம் போக வேண்டிவரும். தெளிவாக இருக்கும்போதே கணக்கை 'இருவரில் ஒருவர்' இயக்கும் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுவது எளிய வழி.

பராமரிப்பவரை யார் பார்ப்பது?

'ஹோம் நர்ஸ்' என்று நாம் அழைப்பவர்களில் பலர் செவிலியர் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். கடன் தொல்லையாலும் கணவரை இழந்ததாலும் சொந்த ஊரைவிட்டு வந்த பெண்கள் பலர். நோயாளியின் அறையிலேயே தரையில் பாய் விரித்துப் படுக்கிறார்கள். இரவில் நான்கு முறை எழுந்தாலும் மறுநாள் பகல் வேலை குறைவதில்லை. நாம் ஏஜென்சிக்குக் கொடுக்கும் பணம் முழுவதும் அவர்கள் கைக்குப் போவதில்லை. வார விடுப்பு, இ.எஸ்.ஐ., ஓய்வூதியம் எதுவும் இல்லை. நம் தாயைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்ணுக்கு வயதாகும்போது அவரைப் பார்த்துக்கொள்ள யாருக்கும் பொறுப்பில்லை. நல்ல பராமரிப்பு வேண்டுமென்றால் அந்த வேலை மதிப்புள்ள வேலையாக வேண்டும்.

சம்பளமே இல்லாமல் இதைச் செய்யும் மருமகள்கள், மகள்கள், மனைவிகளின் கதையும் இதுதான். வேலையை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் பெண் தன் வருமானத்தை மட்டும் இழப்பதில்லை. பி.எஃப்., பணிமூப்பு, தன் முதுமைக்கான சேமிப்பு எல்லாவற்றையும் இழக்கிறார். குடும்பக் கணக்கில் இது செலவாக எழுதப்படாததால், வீட்டில் பார்த்துக்கொண்டால் செலவில்லை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம்.

அரசு செய்ய வேண்டியவை

ஜப்பான் 2000-ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 40 வயது முதல் எல்லோரும் பணம் கட்டுகிறார்கள். முதுமையில் வீட்டுக்கு வரும் பணியாளர், பகல்நேர மையம், இல்லம் ஆகியவற்றின் செலவில் பெரும்பாலோர் பத்தில் ஒரு பங்கை மட்டும் கட்டினால் போதும். நம் அண்டை மாநிலமான கேரளம், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலித்தணிப்புச் சிகிச்சை இயக்கத்தைத் தன்னார்வலர்கள், உள்ளாட்சிகள் துணையோடு வீடுகளுக்குக் கொண்டுபோனது. பணக்கார நாட்டின் வழியும் நம்மைப் போன்ற மாநிலத்தின் வழியும் கண்முன் இருக்கின்றன.

தமிழ்நாடு உடனே செய்யக்கூடியவை:

முதலாவதாக, 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையோடு நிற்கக் கூடாது. படுக்கையில் இருப்பவரைக் குளிப்பாட்டவும் புண்ணுக்கு மருந்திடவும் வாரத்தில் சில மணி நேரம் பயிற்சி பெற்ற பணியாளர் வர வேண்டும்.

இரண்டாவதாக, ஹோம் நர்ஸ் ஏஜென்சிகளுக்குக் கட்டாயப் பதிவு, பணியாளர்களுக்குச் சான்றிதழ்ப் பயிற்சி, குறைந்தபட்ச ஊதியம், வார விடுப்பு ஆகியவற்றை விதியாக்க வேண்டும்.

மூன்றாவதாக, மாவட்டந்தோறும் பதிவுபெற்ற முதியோர் இல்லங்களின் பட்டியலையும், கட்டணத்தையும், ஆய்வு அறிக்கையையும் மக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

நான்காவதாக, அன்புச்சோலை மையங்கள் எல்லா நகராட்சிகளுக்கும் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போக வேண்டும்.

ஐந்தாவதாக, 200 ரூபாயில் நிற்கும் ஒன்றிய அரசின் ஓய்வூதியப் பங்கை உயர்த்த நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றிக் குரல் கொடுக்க வேண்டும்.

குடும்பங்கள் இந்த மாதமே செய்ய வேண்டியவை

பெற்றோரும் பிள்ளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசுங்கள். மகள்களையும் மருமகள்களையும் சேர்த்துக்கொண்டு பேசுங்கள். முடிவெடுப்பது மகன்கள், உழைப்பது அவர்கள் என்று இருக்கக் கூடாது.

வரவு, சேமிப்பு, பாலிசிகள், கடன், பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாக் கணக்குகளிலும் நாமினி இருக்கிறாரா என்று பாருங்கள். உயிலை எழுதிப் பதிவு செய்யுங்கள்.

குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள், வழுக்காத விரிப்புப் போடுங்கள், இரவு விளக்கு வையுங்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும் இந்த வேலை, மேலே சொன்ன 35,600 ரூபாய்க் கணக்கைப் பல வீடுகளில் தள்ளிப்போடும்.

பணம் தருபவர் யார், நேரம் தருபவர் யார் என்று உடன்பிறந்தவர்களுக்குள் பிரித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருப்பவர், உடனிருந்து பார்ப்பவருக்கு மாதாமாதம் ஒரு தொகை அனுப்பட்டும். ஆண்டுக்குச் சில வாரங்களாவது வந்து பொறுப்பை ஏற்று, அவருக்கு ஓய்வு கொடுக்கட்டும்.

கடைசியாக, உங்களுக்கு எங்கே, யாருடன் இருக்க விருப்பம் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள். பல வீடுகளில் எல்லா ஏற்பாடும் முடிந்த பிறகும் கேட்கப்படாமல் விடுபடும் கேள்வி இதுதான். அவர்களது பதிலை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு, மற்ற கணக்குகளை அதன் பிறகு போடுங்கள்.